சமையல்கார மலைச்சாமி பார்த்த மெட்ராஸ்

சின்னாளப்பட்டியிலிருந்து மெட்ராஸுக்குப் போகிற ஆள், பையைத் தூக்குவதற்கு முன்னால் சமையல்கார மலைச்சாமி வீட்டு வாசலில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் போவான். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவன், பரீட்சை எழுதப் போகிறவள், மகனைப் பிளேன் ஏற்றிவிடப் போகிறவன், சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவன், எல்லாருக்கும் அதுதான் முதல் ஸ்டாப்பு. எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம், எவனிடம் ஏமாறாமல் திரும்பலாம் என்று மலைச்சாமி சொல்லி அனுப்புவார். அதெல்லாம் இப்போது போனிலேயே வருகிறதே என்பீர்கள். வரும். ஆனால் லாட்ஜ் ரூமுக்குள் போனதும் மெத்தையை அமுக்கிப் பார்க்காதே, குழாயைத் திறந்து பார் என்று எந்தப் போனும் சொல்லாது.

"ரோட்டப் பாத்த ரூமு குடுத்தான்னா வாங்காத அப்பு. ராப்பூரா ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சே கொன்னுபுடுவான். பின்பக்கமாக் கேளு. துண்டு உன்னோடதக் கொண்டு போ. அவன் குடுக்குற துண்டுல மொகத்தத் தொடைக்காத" என்பார்.

கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவான், மியூசியத்துக்கு எந்த வாசல், ரங்கநாதன் தெருவுக்குள் பையை முன்னால் மாட்டிக்கொண்டு போக வேண்டுமா பின்னாலா, எல்லாம் விரல் நுனியில். கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "நம்ம தெருத் தறி அம்புட்டும் ஒண்ணா ஓடுனா எப்படி இருக்கும்? அந்தச் சத்தம். என்ன ஒண்ணு, அதுக்குக் கரண்ட்டும் போகாது, ஞாயித்துக்கெழமையும் கெடையாது." கேட்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு போவான். போய்ப் பார்த்துவிட்டு வந்து, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது என்பான்.

இவ்வளவும் சொல்கிற மலைச்சாமி, மெட்ராஸில் கண்ணால் பார்த்த இடங்கள் மூன்றுதான். கோயம்பேடு மார்க்கெட். எழும்பூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. அந்தப் பின்கட்டுக்கு வெளியே தண்ணீர் லாரி வந்து நிற்கிற சந்து. கடலை அவர் பார்த்ததே இல்லை.

நம்ப முடியாதுதான். ஆனால் டூர் பஸ் சமையல்காரன் பிழைப்பு அப்படி. பஸ் விடியற்காலையில் மண்டபத்தில் நிற்கும். ஜனங்கள் குளிக்கப் போவார்கள், இவர் அடுப்பைப் பற்ற வைப்பார். பொங்கலும் சட்னியும் இறக்கி, மதியத்துக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் பொட்டலமாகக் கட்டி ஏற்றிவிட்டால் பஸ் ஊர் சுற்றக் கிளம்பும். இவர் கோயம்பேட்டுக்குப் போய்க் காய்கறி வாங்குவார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த முருங்கைக்காயை அங்கே போய்ப் பேரம் பேசி வாங்குகிற கொடுமையைத் தனக்குத்தானே திட்டிக்கொண்டு திரும்பி வருவார். செத்த நேரம் தலையைச் சாய்ப்பார். எழுந்து வெங்காயம் உரித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பஸ் வந்து நின்றுவிடும். மறுநாள் மகாபலிபுரம். அதே அடுப்பு, அதே அண்டா.

பிறகு எப்படி இத்தனையும் தெரியும்? பந்தியில் கேட்பார். பகலெல்லாம் சுற்றிவிட்டுப் பசியோடு உட்கார்ந்தவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "இன்னைக்கு எங்கப்பா போனீக?" என்று கேட்டால் போதும். ரசச் சோற்றில் கை வைத்திருக்கிற மனுசன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தனிடம் மோர் ஊற்றும்போது சரி பார்த்துக்கொள்வார். இப்படியே வருசக்கணக்கில் சேர்த்து வைத்த மெட்ராஸ் அது.

அதை வெளியாட்களிடம் சொன்னதில் தப்பில்லை. பொண்டாட்டியிடம் சொன்னதில்தான் வம்பு வந்தது.

கல்யாணம் ஆன புதிதில் முதல் டூர் முடிந்து வந்தபோது, சாயம் முக்குவதற்காகச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த முனீஸ்வரி கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, கடல் எப்படி இருந்தது என்று கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, நான் அண்டாவைத்தான் பார்த்தேன் என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு மனசு வரும்? பந்தியில் கேட்டதை எடுத்து விட்டார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பொய் என்பது இட்லி மாவு மாதிரி. ராத்திரி கொஞ்சமாக இருக்கிறதே என்று நினைத்துப் படுத்தால் காலையில் பாத்திரத்தைத் தாண்டி நிற்கும். அடுத்த வருசம் அலையில் கால் நனைத்தார். அதற்கடுத்த வருசம் லைட் ஹவுஸ் படியேறிக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு வருசம் குதிரைச் சவாரிகூடச் செய்தார்.

நீயும் வா என்று கூப்பிட்டால் முனீஸ்வரி வரமாட்டாள். முடிச்சு வேலை கிடக்கிறது, ஆட்டுக்குட்டி இருக்கிறது என்று ஏதாவது சொல்லுவாள். அவரும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த வருசம் பொங்கல் கழிந்து டூர் கிளம்பியது. நடத்துகிறவர் கமலக்கண்ணன். அவருக்குச் சொந்தப் பஸ் கிடையாது. திண்டுக்கல் பேகம்பூர் அப்துல் லத்தீப்பின் பஸ்ஸை எடுத்து, லத்தீப்பே ஓட்ட, வருசத்துக்கு நாலைந்து டூர் கூட்டிப் போவார். இந்தத் தடவை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் தறிக்காரர் தெருப் பெண்கள். கமலக்கண்ணன் மலைச்சாமியைக் கூப்பிட்டு, அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் இருப்பதால் தன்னால் வர முடியாது என்றார். சமையலுக்கு வடமதுரை தங்கமுத்துவைச் சொல்லிவிட்டாராம். மலைச்சாமிக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது.

"அப்ப எனக்கு வேலை?"

"நீங்கதாண்ணே இந்தத் தடவ கைடு. ஊரச் சுத்திக் காட்டணும்."

மலைச்சாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏலே, நான் மண்டபத்த விட்டு வெளிய போனதில்லேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. பாக்காமலே இம்புட்டுச் சொல்றவரு, பாத்தா எம்புட்டுச் சொல்லுவீக?"

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தார். வீட்டுக்கு வந்தால் முனீஸ்வரி புதுச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். ஆட்டுக்குட்டியை நாத்தனார் வீட்டில் கட்டியாகிவிட்டது. தானும் டூருக்குப் பேர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். "நீங்க குதிர ஏறுன எடத்தப் பாக்கணும்ல" என்றாள். மலைச்சாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேறு எவனாவது கண்டுபிடித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இத்தனை வருசம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டவள், இந்த ஆள் நம்மை ஏமாற்றியிருக்கிறான் என்று ஒரு பார்வை பார்த்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பஸ்ஸில் ஏறும்போது லத்தீப்பின் காதைக் கடித்தார். அவருக்கு விசயம் தெரியும். மண்டபத்தில் மலைச்சாமி குறட்டை விட்டதைப் பார்த்த ஆள்தானே.

"மாப்ள, நீதான் என்னையக் கரையேத்தணும்."

"கரைக்குத்தான மாமா போறோம்" என்று லத்தீப் சிரித்தார். "கடல் கிழக்கால இருக்கு. அத மட்டும் மறந்துராதீக. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

மெட்ராஸில் இறங்கியதும் மலைச்சாமி ஒரு தந்திரம் செய்தார். எந்தக் கைடும் முன்னால் நடப்பான். இவர் பின்னால் நடந்தார். கேட்டால், கூட்டத்தில் ஒரு ஆள் தொலைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். மயிலாப்பூர்க் கோயிலில் அது நன்றாகவே எடுபட்டது. தெப்பக்குளத்தைப் பார்த்ததும் சத்தமாக, "இதுதான் தெப்பக்குளம்" என்றார். அதில் தப்பு வர வாய்ப்பில்லை. செருப்பை எங்கே விடுவது, எந்தச் சந்நிதியில் கூட்டம் குறைவு, வெளியே எந்தக் கடையில் காப்பி தண்ணியாக இருக்காது என்று பந்தியில் சேர்த்ததையெல்லாம் இறக்கினார். பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள். முனீஸ்வரி மட்டும் கோபுரத்தைப் பார்க்காமல், கோபுரத்தைப் பார்க்கிற இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மியூசியத்தில் கொஞ்சம் வழுக்கியது. நுழைந்த உடனே திமிங்கலத்து எலும்பு இருக்கும் என்று சொல்லிவிட்டார். நுழைந்தால் கல் சிலைதான் நின்றது. அடுத்த கட்டடத்தில் பழைய பாத்திரங்கள். அதற்கடுத்ததில் பீரங்கி. எதிர்வீட்டு யுவராணி நாக்கு நீளமானவள். "என்னண்ணே, திமிங்கலம் தண்ணி குடிக்கப் போயிருச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மலைச்சாமி அசரவில்லை. நேராகத் திமிங்கலத்துக்குக் கூட்டிப் போனால் மற்றதையெல்லாம் நீங்கள் பார்ப்பீர்களா என்று அதட்டினார். திமிங்கலம் கடைசியில் கிடைத்தது. அதன் கீழே நின்று அவரும் அண்ணாந்து பார்த்தார். எலும்பு பெரிசாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இவ்வளவு பெரிசு என்று ஒருத்தனும் ரசத்தோடு சொல்லவில்லை.

மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தை முடித்துவிட்டு, வெயில் தாழப் பஸ் கடற்கரை ரோட்டுக்குத் திரும்பியது. லைட் ஹவுஸ் கண்ணில் பட்டதும் யுவராணி மறுபடி வாயைத் திறந்தாள். "அண்ணே, நீங்க படியேறிக் காலு புடிச்சுக்கிருச்சுன்னீகளே. அதுக்கு லிப்ட் இருக்குன்னு என் தங்கச்சி சொன்னா."

"இருக்கு. கூட்டமா நின்னாக. வரிசையில நிக்க எனக்குப் பொறுமையில்ல, ஏறிட்டேன்" என்றார். லத்தீப் சும்மாவே ஒரு நீள ஆரன் அடித்துப் பேச்சை அமுக்கினார். மலைச்சாமி உட்கார்ந்திருந்த பக்கம் ஜன்னலில் கட்டடங்கள்தான் ஓடின. மறுபக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் நின்றது. இறங்கினார்கள்.

மணலில் கால் வைத்த உடனே அவருக்கு ஒன்று புரிந்தது. இத்தனை பேர் இத்தனை வருசம் கடலைப் பற்றிச் சொன்னார்கள், இந்த மணலில் நடப்பது இவ்வளவு பாடு என்று ஒருத்தனும் சொல்லவில்லை. வைத்த கால் உள்ளே போகிறது, எடுத்த கால் பின்னால் வழுக்குகிறது. செருப்புக்குள் மணல், வேட்டி மடிப்புக்குள் மணல். பஜ்ஜிக் கடை, சோளக்கதிர், பலூன் சுடுகிற கடை எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போனால், தண்ணீர் வரவே மாட்டேன் என்கிறது. பின்னால் நடக்கிற தந்திரமும் மறந்து போய்விட்டது. எப்போது முன்னால் வந்தார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு வந்தது.

அது கீழே கிடக்கும் என்று நினைத்திருந்தார், கண்மாய் மாதிரி. அது கீழே கிடக்கவில்லை. எதிரே எழுந்து நின்றது. பார்க்கப் பார்க்க நம்மைவிட உயரமாக இருந்தது. தறிச் சத்தம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெண்கள் சுற்றி நின்று, அண்ணன் இப்போது ஏதாவது சொல்லுவார் என்று வாயைப் பார்த்தார்கள். மெட்ராஸைப் பற்றி மலைச்சாமி வாய் மூடி நின்றது அன்றைக்குத்தான்.

ஒரு அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்தது வந்தபோது, அவர் யோசிக்கவே இல்லை. உடம்பு தானாகக் குனிந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, சாம்பாரைப் பார்க்கிற மாதிரி நாக்கில் வைத்தார். முகம் கோணியது. "அடப் பாவிகளா, உப்ப அள்ளிக் கொட்டியிருக்கானுக" என்றார்.

சொன்ன பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. யுவராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னண்ணே இது? மொதத் தடவ கடலப் பாக்குற சின்னப் பிள்ளதான் வாயில வச்சுப் பாக்கும். நீங்க வருசா வருசம் வாரவருல்ல?"

மலைச்சாமிக்கு நாக்கில் இருந்த உப்பு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யுவராணியை அவர் பார்க்கவில்லை. முனீஸ்வரியைத்தான் பார்த்தார். அவள் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள்.

"ஏண்டி யுவராணி, அவரு சமையக்காரரு" என்றாள் முனீஸ்வரி, யாரையும் பார்க்காமல். "வருசா வருசம் ருசி பாத்து வச்சுக்கிருவாரு. கூடுதா கொறையுதான்னு தெரிய வேணாமா?" பிறகு இவர் பக்கம் திரும்பி, "என்னங்க, இந்த வருசம் எப்படி?" என்று கேட்டாள்.

மலைச்சாமி இன்னொரு கை அள்ளி, நிதானமாக நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்தார்.

"போன வருசத்துக்குச் செத்தக் கூட."

அவ்வளவுதான். பெண்கள் எல்லாரும் குனிந்து அள்ளி ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இல்லையே, சரியாகத்தானே இருக்கிறது என்று ஒருத்தி. உனக்கு ரத்தக்கொதிப்பு, நீ துப்பு என்று இன்னொருத்தி. யுவராணியும் ஒரு வாய் பார்த்துவிட்டு, ஊறுகாய்க்கு ஆகும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

கூட்டம் அலையோடு விளையாடப் போனதும் மலைச்சாமியும் முனீஸ்வரியும் சுண்டல் வாங்கிக்கொண்டு ஈரம் இல்லாத மணலில் உட்கார்ந்தார்கள். அவர் சுண்டலைத் தின்னாமல் பொட்டலத்தை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"மொத வருசமே."

"எப்படி?"

"உங்க வேட்டியத் தொவைக்கிறது யாரு? தெருவுல எவளாச்சும் டூரு போயிட்டு வந்தா அவ வாசல்ல ஒரு கை மண்ணு ஒதறிக் கெடக்கும். நீங்க போயிட்டு வந்தா மஞ்சப்பொடியும் அடுப்புக்கரியும் தாளிச்ச வாடையுந்தான். மண்ணு ஒட்டாம கடலுக்குப் போயிட்டு வர நீங்க என்ன காக்காயா?"

மலைச்சாமி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றார்.

"கேட்டா நிறுத்திருவீகள்ல" என்றாள் அவள். "குந்தி முடிச்சுப் போட்டுக்கிட்டே கெடக்குறவளுக்கு வருசத்துக்கு ஒருக்கா ஒரு கடலு வீட்டுக்கு வருது. அத எதுக்கு வெரட்டணும்? ஆனாலும் அந்தக் குதிர கொஞ்சம் ஓவரு."

அவருக்குச் சிரிப்பு வந்து சுண்டல் புரையேறியது. அவள் முதுகில் தட்டிக்கொண்டே இன்னொன்றையும் சொன்னாள். கமலக்கண்ணனிடம் போய்ச் சமையலுக்கு வேறு ஆளைப் போடச் சொன்னதே அவள்தானாம். அந்த நிச்சயதார்த்தம் போன மாதமே முடிந்துவிட்டதாம். நீங்கள் ஊருக்கெல்லாம் காட்டின கடலை நீங்களும் ஒரு தடவை பார்க்க வேண்டாமா, கூப்பிட்டால் அடுப்பை விட்டு எழுந்து வருவீர்களா என்று கேட்டாள். அந்தக் கமலக்கண்ணனை ஊருக்குப் போய்க் கவனித்துக்கொள்கிறேன் என்றார் மலைச்சாமி. அதில் கோபம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு மண்டபத்துப் பந்தியில் அவர் முதல் தடவையாக இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். சாம்பாரில் பெருங்காயம் பத்தவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, அது தங்கமுத்து அடுப்பு. தங்கமுத்து ரசத்தைக் கொண்டுவந்து குனிந்து ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"கடலு எப்படிண்ணே இருந்துச்சு?"

மலைச்சாமி கையை எடுத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கைலியில் மஞ்சள் பொடி. முழங்கையில் கரி.

"நீ பாத்ததில்லையா?"

"எங்கண்ணே. நமக்கு அடுப்படிதான."

"நாளைக்கு மகாபலிபுரத்துக்கு நீ போ. அடுப்ப நான் பாத்துக்கிறேன்."

அவன் வேண்டாம் என்று இழுத்தான். உன் சாம்பாரை நாளைக்கும் தின்ன என்னால் ஆகாது, போடா என்று ஒரு அதட்டு அதட்டினார். மறுநாள் தங்கமுத்து பஸ்ஸில் போனான். மலைச்சாமி கோயம்பேட்டுக்குப் போய் ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காயைத் திட்டி வாங்கி வந்தார். மகாபலிபுரத்துக் கல் ரதத்தையும் கல் யானையையும் முனீஸ்வரி வந்து சொன்னாள். இந்தத் தடவை அவள் சொன்னாள், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவள் சொன்னதில் எவ்வளவு நிசம் என்று அவர் யாரிடமும் சரி பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் முனீஸ்வரி செய்த முதல் வேலை, அவருடைய வேட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. கொல்லையில் உதறலாம். உதறவில்லை. நடுத்தெருவைப் பார்த்து நின்று நன்றாக விரித்து உதறினாள். ஒரு படி மண் விழுந்தது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த யுவராணி, இம்புட்டையும் யார் கூட்டுவது என்று சத்தம் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ராஜ்கமல் வந்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன். பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்புகிறான், எங்கே தங்கலாம் என்று கேட்டான். ரோட்டைப் பார்த்த ரூம் வாங்காதே, குழாயைத் திறந்து பார் என்று மலைச்சாமி வழக்கம்போல ஆரம்பித்தார். கடல் எப்படி இருக்கும் என்று அவன் கேட்டான். அவர் நிமிர்ந்து உட்காரப் போனார். தறி என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"மண்ணுல நடக்கக் கெண்டக்காலு விட்டுப்போகும். செருப்பக் கையில எடுத்துக்க. மிச்சத்த நீயே போயிப் பாத்துக்க" என்றார்.

ராஜ்கமலுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஊரே சொல்கிற அந்தக் கதையைக் கேட்கத்தான் அவன் வந்தது. அவ்வளவுதானா மாமா என்று நின்றான். வேட்டியை மடித்துக்கொண்டே முனீஸ்வரி உள்ளே போகப் போனவள், நின்று திரும்பினாள்.

"உப்பக் கேட்டுக்கப்பா. அது அவருக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள்.